விலங்கு உடற்செயலியல் படிக்க இணையத்தில் எதை நம்பலாம்?

கேள்வி: கயல் (இளநிலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

வணக்கம். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் விலங்கு உடற்செயலியல் எங்களுக்கு முதன்மைத் தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு இப்போது தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். அதனால் வகுப்பில் கேட்டதை வீட்டில் இன்னொரு முறை பொறுமையாகப் படித்துப் பார்க்க இணையத்தை நாடினால், எதைத் தேடினாலும் மனித உடலைப் பற்றியதே வந்து நிற்கிறது. கழிவுநீக்கம் என்று தேடினால் மனிதச் சிறுநீரகத்தின் நெஃப்ரானை விளக்கும் காணொளிகள் குவிகின்றன. பாடத்திட்டத்தில் இருக்கும் மண்புழுவின் கழிவுநீக்க உறுப்பான நெஃப்ரீடியா, பூச்சிகளில் அதே வேலையைச் செய்யும் மால்பிஜியன் குழல்கள், கடல்மீன் உப்பை வெளியேற்றும் விதம், மின்விலாங்கின் மின் உறுப்பு ஆகியவற்றைப் பற்றி உருப்படியாக ஒரு பக்கம் கிடைப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. கிடைத்தாலும், எழுதியவர் யார், எதை வைத்து எழுதினார் என்று தெரியாத தளங்களாகவே அவை இருக்கின்றன.

செய்முறையிலும் சிக்கல் உண்டு. தவளையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் சோதனை இப்போது கிடையாது. துடிப்பை அலைகளாக வரையும் கைமோகிராப் கருவியின் பழைய பதிவு ஒன்றைக் காட்டி, அதைப் பார்த்துப் பதிவேட்டில் வரையச் சொல்கிறார்கள். வரைந்துவிடலாம், ஆனால் மருந்து கொடுத்த இடத்தில் அலை ஏன் குட்டையாகிறது என்று புறத்தேர்வாளர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

என்னிடம் இருப்பது கைபேசி மட்டும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. தரவு. துறையில் விண்டோஸ் கணினிகள் சில உண்டு. இந்த நிலையில் எதிலிருந்து தொடங்குவது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: நெல்லை விலங்கியல் ஆசிரியர்

மாணவிக்கு வணக்கம். மனித உடற்செயலியலுக்கு மருத்துவம், செவிலியம், மருந்தியல் என்று உலகம் முழுக்கப் படிப்பவர்கள் இருப்பதால் அங்கே பாடங்கள் நிறைந்து கிடக்கின்றன. நம் தாள் ஒப்பீட்டு உடற்செயலியல். ஒரே வேலையை வெவ்வேறு விலங்குகள் எப்படிச் செய்கின்றன என்பதே அதன் மையம். எனவே நரம்புத் துடிப்பு, தசைச் சுருக்கம், ஹார்மோன்கள் செயல்படும் விதம் போன்ற பொதுவான இயக்கங்களை மனித உடற்செயலியல் தளங்களில் தயக்கமின்றிப் படியுங்கள். சுவாசம், கழிவுநீக்கம், ஊடுகலப்பு ஒழுங்குபாடு (உடலின் நீர், உப்பு அளவைச் சீராக வைத்திருத்தல்), வெப்பச் சீர்நிலை ஆகியவற்றுக்கு அந்தத் தளங்களை நம்பினால் பாடத்தில் பாதி விடுபட்டுப் போகும்.

தொடங்குவதற்கு உங்கள் பதினோராம் வகுப்பு உயிரி-விலங்கியல் பாடநூலையே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் தளத்தில் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டுமே இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் ஒரே இயலைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படித்தால், தனியாக அகராதி தேடும் வேலை பெரும்பாலும் இருக்காது. கல்லூரிக்கு வந்த பிறகு பள்ளிப் புத்தகத்தைத் தொடுவது கௌரவக் குறைவு என்று நினைக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த நினைப்பால் அவர்கள் இழப்பது அதிகம்.

அடுத்த நிலைக்கு, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் போதும். அங்கே எல்லோரும் போய் விழுவது ‘அனாட்டமி அண்டு பிசியாலஜி’ என்ற நூலில். அது முழுக்க மனிதரைப் பற்றியது. நீங்கள் திறக்க வேண்டியது ‘பயாலஜி’ நூலின் இரண்டாம் பதிப்பு. அதில் 33 முதல் 43 வரையுள்ள இயல்கள் விலங்குகளின் அமைப்பும் செயல்பாடும் பற்றியவை. நீங்கள் தேடிக் களைத்த நெஃப்ரீடியாவும் மால்பிஜியன் குழல்களும் 41ஆம் இயலில் இருக்கின்றன. முழு நூலையும் தரவிறக்க வேண்டாம், கோப்பு பெரியது. உலாவியில் ஒவ்வோர் இயலாகப் படித்தால் தரவு மிகக் குறைவாகவே செலவாகும்.

காணொளி வேண்டுமென்றால், கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து என்.பி.டி.இ.எல். வழியாக வந்த ‘அனிமல் பிசியாலஜி’ விரிவுரைத் தொடர் இருக்கிறது. மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் சேர்ந்து படிப்பது இலவசம். சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. மதிப்பெண் அலகாக மாற்றிக்கொள்ள முடியுமா என்பதை உங்கள் கல்லூரியிலேயே கேளுங்கள். கிராஷ் கோர்ஸ் போன்ற பத்து நிமிடக் காணொளிகளைப் பலரும் பரிந்துரைப்பார்கள். தெரிந்ததைத் திருப்பிப் பார்க்க அவை நல்லவை. முதன்முதலாகக் கற்பவருக்கு அந்த வேகம் ஆகாது. பார்த்து முடித்ததும் எல்லாம் புரிந்தது போலத் தோன்றும், தாளை எடுத்துப் படம் வரையச் சொன்னால் கை நின்றுவிடும்.

என்னைக் கேட்டால், காணொளி பார்க்கும் நேரத்தில் பாதியைச் செயற்கைப் பாவனைகளுக்கு (சிமுலேஷன்) கொடுங்கள் என்பேன். செல்சவ்வின் இரு பக்கமும் உள்ள அயனிச் செறிவிலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும், அரிசோனா பல்கலைக்கழகத்தின் நெர்ன்ஸ்ட்–கோல்ட்மேன் சமன்பாட்டுப் பாவனை உலாவியிலேயே இயங்கும். பாலூட்டிச் செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல், வெளியே 5, வெப்பநிலை 37 பாகை என்று கொடுங்கள்; பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் ஏறக்குறைய -89 மில்லிவோல்ட் வரும். வெளியே உள்ளதை 15 ஆக உயர்த்துங்கள். அது -60 ஆகிவிடும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் ஏன் தடுமாறுகிறது என்பதற்கான முதல் விடை அந்த 29 மில்லிவோல்ட்டில் இருக்கிறது. பிறகு ஊசிக் கணவாயின் அச்சிழைக்கு (நரம்புச் செல்லின் நீண்ட இழை) மாறுங்கள்: உள்ளே 400, வெளியே 20, வெப்பநிலை 20 பாகை. விடை -76 அளவில் வரும். உள்ளிருக்கும் பொட்டாசியம் பாலூட்டியினுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு; ஆனாலும் மின்னழுத்தம் வெகுதூரம் விலகவில்லை. மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது செறிவு அல்ல, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள விகிதம் என்பதை இந்த மூன்று எண்களை நீங்களே மாற்றிப் பார்க்கும்போது யாரும் சொல்லாமலே கண்டுகொள்வீர்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்திலுள்ள நியூரான் பாவனையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும்.

இனித் தவளை இதயம். பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் விலங்குகளை அறுத்துப் பார்க்கும் செய்முறைகளைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. 2014இல் விலங்கியல் பாடங்களில் அவற்றை முற்றிலும் நிறுத்தச் சொன்னது. அந்த இடத்தை நிரப்பப் புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் துறையில் உருவான எக்ஸ்ஃபார்ம் என்ற மென்பொருள் உங்களுக்குப் பொருந்தும். மருந்தியல் மாணவர்களுக்காகச் செய்தது என்றாலும், தவளை இதயம், நாயின் இரத்த அழுத்தம், முயலின் கண் என்று உடற்செயலியலுக்குத் தேவையானவை அதில் உள்ளன. விண்டோஸ் கணினியில் இயங்கும். துறைத் தலைவரிடம் சொல்லி நிறுவச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கும் அங்கேயே விடை காணலாம். பதிவில் அலையின் உயரம் சுருக்கத்தின் வலிமையைக் காட்டுகிறது, அலைகளுக்கு இடையிலுள்ள தூரம் துடிப்பின் வேகத்தைக் காட்டுகிறது. நரம்பு முனைகள் சுரக்கும் பொருளான அசிட்டைல்கோலின் கொடுத்தால் உயரம் குறைந்து இடைவெளி கூடும்; அளவு மிகுந்தால் இதயம் சற்று நேரம் நின்றே போகும். அட்ரினலின் இதற்கு நேர்மாறு. முதலில் அட்ரோபின் கொடுத்துவிட்டுப் பிறகு அசிட்டைல்கோலின் கொடுத்தால், முன்பு கண்ட மாற்றம் வராது, ஏனெனில் அது போய்ச் சேர வேண்டிய ஏற்பிகளை அட்ரோபின் அடைத்துவிட்டது. இந்த மூன்றையும் வரிசையாகச் செய்து பார்த்துவிட்டுப் பதிவேட்டில் வரையுங்கள். புறத்தேர்வாளர் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள்.

பதில்: கால்நடை மருத்துவர், நாமக்கல்

ஆசிரியர் ஐயா சொன்னதில் ஒரு வாசல் விடுபட்டிருக்கிறது. மனிதரல்லாத விலங்குகளின் உடற்செயலியலை நாள்தோறும் பயன்படுத்துவது கால்நடை மருத்துவம். விலங்கியல் மாணவர்கள் ஏனோ அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘விவோ’ தளம் வெகு எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. படங்கள் பழைய பாணியில் இருக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். அதில் செரிமானப் பகுதியும் நாளமில்லாச் சுரப்பிப் பகுதியும் மிகச் சிறந்தவை. அசைபோடும் விலங்குகளைப் பற்றிய பக்கங்களை அவசியம் படியுங்கள். உண்ணாநிலையில் மனித இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 70 முதல் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். நன்றாக மேய்ந்துவிட்டு நிற்கும் பசுவின் இரத்தத்தில் 50, 60 என்று இருப்பது இயல்பு. மனித உடற்செயலியல் மட்டும் படித்தவர் இதைப் பார்த்தால் நோய் என்று நினைப்பார். ரூமன் எனப்படும் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் மாவுப்பொருளை அசெடிக், புரோபியோனிக், பியூட்ரிக் அமிலங்களாக நொதிக்கச் செய்துவிடுகின்றன. பசு அந்த அமிலங்களிலிருந்தே பெரும்பாலான ஆற்றலைப் பெறுகிறது, தனக்கு வேண்டிய குளுக்கோஸைப் புரோபியோனிக் அமிலத்தைக் கொண்டு கல்லீரலில் தானே தயாரித்துக்கொள்கிறது. பெருவயிறு இன்னும் வளராத கன்றுக்கு இது பொருந்தாது. அதன் குளுக்கோஸ் அளவு நம்முடையதை ஒட்டியே இருக்கும்.

எம்.எஸ்.டி. கால்நடை மருத்துவக் கையேடும் இணையத்தில் இலவசம். பாடமாகப் படிக்க அது வசதிப்படாது. உடல் வெப்பநிலை, துடிப்பு, சுவாச வீதம் போன்ற இயல்பு அளவுகளைச் சரிபார்க்க அதிலுள்ள அட்டவணைகளை வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இளநிலை மாணவர்களுக்கென்று உருவாக்கிய மின்பாடங்களிலும் உடற்செயலியல் உண்டு. அவை குறிப்பு வடிவில் இருப்பதால் தேர்வு நேரத்தில் கைகொடுக்கும்.

எங்கள் ஊர்க் கோழிப் பண்ணைகளில் சித்திரை வெயிலில் நடப்பதைப் படித்துப் பார்த்தால் உங்கள் பாடத்தில் தனித்தனியாக இருக்கும் மூன்று இயல்கள் ஒன்றாகச் சேரும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெப்பம் ஏறினால் வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கித்தான் உடலைக் குளிர்விக்கும். அப்படி வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. முட்டையோடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கார்பனேட்டுக்கு வேண்டிய மூலப்பொருள் குறைய, பயன்படும் நிலையிலுள்ள கால்சியமும் குறைய, ஓடு மெலிந்து முட்டை கூண்டிலேயே உடைகிறது. தீவனத்தில் சோடியம் பைகார்பனேட் சேர்ப்பதற்குக் காரணம் இதுவே. ‘கோழி, வெப்ப அயர்ச்சி, முட்டையோடு’ என்று தேடினால் தமிழிலும் விவசாயிகளுக்கான குறிப்புகள் கிடைக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் கால்நடைப் பகுதி தமிழிலேயே இருக்கிறது. அங்கே செய்ய வேண்டியதைச் சொல்லியிருப்பார்கள், காரணத்தை விரித்திருக்க மாட்டார்கள். காரணத்தை நீங்கள் உங்கள் பாடத்திலிருந்து எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று: அரட்டைச் செயலிகளிடம் கேட்டு எழுதும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. விலங்கின் பெயரைச் சொல்லாமல் கேட்டால் அவை மனித அளவுகளையே எடுத்து நீட்டும். எண் எதுவாயினும் கையேட்டில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பதில்: ஆய்வு மாணவர், பரங்கிப்பேட்டை

கழிமுகத்து நண்டுகளின் ஊடுகலப்பு ஒழுங்குபாட்டில் ஆய்வு செய்பவன் என்ற முறையில் ஒரு கருத்து. இளநிலை மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். உடற்செயலியலைப் பொறுத்தவரை பழைய கட்டுரைகள் பல, இன்றைய பாடநூல்களைவிடத் தெளிவாக இருக்கின்றன. அவை இலவசமாகவும் கிடைக்கின்றன.

‘ஜர்னல் ஆஃப் பிசியாலஜி’ 1878இல் தொடங்கியது. அதன் பழைய இதழ்கள் பப்மெட் சென்ட்ரல் களஞ்சியத்தில் திறந்தே கிடக்கின்றன. பேலிஸும் ஸ்டார்லிங்கும் 1902இல் கணையச் சுரப்பு பற்றி எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். நாயின் சிறுகுடலில் ஒரு துண்டின் நரம்புத் தொடர்புகளை நீக்கிவிட்டு, அதற்குள் அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்பே இல்லாதபோதும் கணையம் சுரந்தது. அப்படியானால் செய்தியைச் சுமந்து சென்றது இரத்தத்தில் வந்த ஒரு பொருளாகத்தான் இருக்க வேண்டும். அதுவே செக்ரெட்டின். பாடநூல் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகும் செய்தி, அங்கே ஒரு வழக்கு விசாரணை போல அடுக்கடுக்காக நிறுவப்படுகிறது. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கணவாய் அச்சிழை பற்றி எழுதியவையும் அதே களஞ்சியத்தில் உள்ளன. அவற்றின் கணிதத்தைத் தாண்டிவிட்டு, சோடியத்தை அகற்றியபோது மின்னோட்டம் எப்படி மாறியது என்ற பகுதிகளை மட்டும் படித்தாலே போதும்.

ஒப்பீட்டுப் பகுதிக்கு ‘ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமெண்டல் பயாலஜி’. 1923 முதல் வருகிறது. பழைய தொகுதிகளுக்குக் கட்டணமில்லை. கடல்மீன் உப்பை எப்படி வெளியேற்றுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கடல்வாழ் எலும்பு மீன்கள் கடல்நீரைக் குடித்து, அதிலிருந்து வரும் மிகையான உப்பைச் செவுள்களிலுள்ள குளோரைடு செல்கள் வழியாக வெளியே தள்ளுகின்றன. சுறா வேறு வழியில் போகிறது: யூரியாவை உடலிலேயே தேக்கி வைத்து, உடல் திரவத்தின் செறிவைக் கடல்நீருக்குச் சமமாக ஏற்றிக்கொள்கிறது. சுறாவின் இந்த உத்தியை ஒரு தவளையும் கையாளுகிறது. தென்கிழக்கு ஆசியச் சதுப்புநிலக் காடுகளில் வாழும் நண்டுண்ணித் தவளையைப் பற்றி 1961இல் கார்டன், ஷ்மிட்-நீல்சன், கெல்லி ஆகிய மூவரும் இந்த இதழில் எழுதியிருக்கிறார்கள். வளர்ந்த தவளை யூரியாவைத் தேக்குகிறது. அதன் தலைப்பிரட்டையோ எலும்பு மீனைப் போல உப்பை வெளியேற்றிச் சமாளிக்கிறது. ஒரே விலங்கு, இரண்டு பருவங்களில் இரண்டு வழிமுறைகள். இந்த ஒரு கட்டுரையைப் படித்தால் ஊடுகலப்பு ஒழுங்குபாட்டு இயலின் பெரும்பகுதி நினைவில் நின்றுவிடும். முழுக் கட்டுரையும் கடினமாகத் தோன்றினால், அதே இதழின் ‘இன்சைட் ஜே.இ.பி.’ பகுதியில் புதிய ஆய்வுகளை எளிய நடையில் சுருக்கித் தருகிறார்கள்.

மின்விலாங்குக்கு 2019இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த கட்டுரையைப் பாருங்கள். ஓர் இனத்தில் 860 வோல்ட் வரை அளந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மின்செல்லும் தருவது 0.15 வோல்ட் அளவுதான். ஆயிரக்கணக்கான செல்கள் தொடராக அடுக்கப்பட்டு ஒரே நொடியில் இயங்குவதால் அத்தனை வோல்ட் சேர்கிறது. ஆசிரியர் சொன்ன நெர்ன்ஸ்ட் பாவனையை முதலில் செய்துவிட்டு இதற்கு வந்தால், அந்த 0.15 எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிவிடும்.

பதில்: ஓய்வுபெற்ற பேராசிரியர், மதுரை

பாவனைகளைப் பற்றி இங்கே எல்லோரும் ஒரே குரலில் பேசுவதால் மறுப்பு ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். தவளையை அறுக்கும் காலம் திரும்ப வர வேண்டும் என்பது என் வாதமன்று. அந்தத் தடை சரியானதே, ஒரு வகுப்புக்கு எத்தனை தவளைகள் வீணாயின என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். ஆனால் மென்பொருளுக்குள் இருக்கும் தவளை, எந்த நாளில் எந்த மாணவர் மருந்து கொடுத்தாலும் ஒரே மாதிரியாகத் துடிக்கும். உயிருள்ள விலங்கு அப்படித் துடிக்காது. பத்துப் பேர் பத்து அளவுகளைக் கொண்டுவருவார்கள். அந்த வேறுபாட்டில் எது விலங்கின் இயல்பு, எது நம் கைப்பிழை என்று பிரித்தறிவதுதான் செய்முறை வகுப்பின் பயன். பாவனையில் மட்டும் பழகிய மாணவர், சராசரியும் திட்டவிலக்கமும் எதற்கென்றே தெரியாமல் பட்டம் வாங்கிவிடுகிறார்.

எனவே இணையத்தில் கற்பதோடு ஒரு சோதனையையேனும் உயிருள்ள ஒன்றில், அதற்குத் துன்பமில்லாமல் செய்யுங்கள். வண்ணமீன் கடைகளில் மீன்குஞ்சுகளுக்கு உணவாக விற்கும் மொய்னா என்ற நீர்த்தெள்ளுப்பூச்சி போதும். உடல் கண்ணாடி போல இருப்பதால், முதுகுப் பக்கத்தில் இதயம் துடிப்பது நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்திலேயே தெரியும். அறை வெப்பத்தில் ஒருமுறை, பத்துப் பாகை குறைந்த நீரில் ஒருமுறை எண்ணி, முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் க்யூ-10 மதிப்பு, அதாவது பத்துப் பாகை ஏறினால் வேகம் எத்தனை மடங்காகிறது என்ற எண், கிடைக்கும். பெரும்பாலும் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே வரும். எல்லா விலங்குக்கும் ஒரே எண் வராது என்பதை அங்கே பார்க்கலாம்.

கயல்

ஐயா அனைவருக்கும் மிக்க நன்றி. 41ஆம் இயலை நேற்றிரவே படிக்கத் தொடங்கிவிட்டேன். எக்ஸ்ஃபார்ம் நிறுவுவதற்குத் துறையில் கேட்டிருக்கிறேன். பேராசிரியர் ஐயா சொன்ன மொய்னா சோதனையில் ஓர் ஐயம்: அதன் இதயம் நிமிடத்துக்கு இருநூறு தடவைக்கும் மேல் துடிக்கும் என்று படித்தேன். அவ்வளவு வேகத்தைக் கண்ணால் பார்த்து எப்படி எண்ணுவது? மேலும், உயிருள்ளதைப் பயன்படுத்துவதற்கு அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?

பதில்: நெல்லை விலங்கியல் ஆசிரியர்

கண்ணால் எண்ண முடியாது. நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லைமேல் கைபேசியின் கேமராவை வைத்து மெதுவியக்கத்தில் பதிவு செய்யுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசியாக இருந்து, நொடிக்கு 30 என்று ஓட்டினால், எட்டு மடங்கு மெதுவாகத் தெரியும். அப்போது பத்து நொடிப் பதிவு எண்பது நொடி ஓடும். அதில் எண்ணியதை ஆறால் பெருக்கினால் நிமிடக் கணக்கு. நுண்ணோக்கியின் விளக்கு கண்ணாடிச் சில்லைச் சூடாக்கும் என்பதால், ஒவ்வொரு பதிவுக்கும் இடையில் விளக்கை அணைத்து, சில்லின் மேலுள்ள நீரையும் மாற்றுங்கள்; இல்லாவிட்டால் நீங்கள் 20 பாகை என்று எழுதி வைப்பது உண்மையில் 25ஆக இருக்கும். ஒரே விலங்கைப் பலமுறை எண்ணாமல், வெவ்வேறு விலங்குகளை ஒருமுறை எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்த தொட்டியிலேயே விட்டுவிடலாம்.

அனுமதியைப் பொறுத்தவரை, இது அறுவையோ மருந்துச் சோதனையோ அல்ல. இருந்தாலும் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அந்தக் கடிதத்தின் நகல் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.